நந்தியின் காதில்

எங்கள் கோயில் நந்தியின் காதில் நான் எதை முணுமுணுத்தாலும் மறுநாளே அது என் வீடு தேடி வந்துவிடும். மலச்சிக்கல் என்றேன், விடிந்ததும் வாசலில் யானைக்குட்டி கனத்தில் ஒரு பப்பாளி. தனியாகக் கிடக்கிறேன், கதவைத் தட்ட ஒரு நாதியில்லை என்று அழுதேன். அன்றிலிருந்து தினமும் யாராவது வந்து ஒரு கரண்டி சர்க்கரை கேட்டார்கள். "கல்லுக்குக் காது கேக்குமாய்யா?" என்று சிரிப்பார், என்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போகும் பக்கத்து வீட்டு அறிவழகன். சாமி கும்பிடாதவர்; வெளியிலேயே நிற்பார்.

வருஷக்கணக்கில் மந்தமாக இருந்த என் காது போன வாரம் அடியோடு அடைத்துக்கொண்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஊக்கு, பட்ஸ் எதையும் உள்ள விடாதீங்க" என்றார். அவர் சொன்னபடி சில நாள் எண்ணெய்ச் சொட்டு விட்டு ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லப் பீய்ச்சினேன். மாங்கொட்டை அளவுக்கு அழுக்கு வந்து விழுந்தது.

பிரதோஷத்தன்று குனிந்து வழக்கம்போல முணுமுணுத்தேன்: "மூலம் மறுபடி படுத்துது, சாமி!"

கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. முணுமுணுப்பா அது! திரும்பினேன். ஒருவரும் திடுக்கிடவில்லை. சர்க்கரை வாங்கிப்போன முகங்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

உடம்பெல்லாம் கூச வெளியே ஓடிவந்தேன். "எத்தனை வருஷமாய்யா இப்படிக் கத்திக்கிட்டிருக்கேன்? இனிமே எந்த மூஞ்சியோட அவங்களுக்குக் கதவைத் திறப்பேன்?"

அறிவழகன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. அந்தக் கல்லுக்குத்தான் கேட்டிருக்கு. நெசந்தான்யா, ஒத்துக்கறேன். வண்டில ஏறு."