சோம்பேறிக் கடிகாரம்

"இந்தக் கடிகாரத்தைக் குப்பையில தூக்கிப் போடுறேன் பாரு!" என்று மூச்சு வாங்கக் கத்தினார் கியூமர்ஸ். "இவ்வளவு தூரம் ஓடியிருக்கேன், எரிச்சது வெறும் பதினெட்டு கலோரியாம். ஒரு பேரீச்சம்பழத்துக்குக் காணாது!"

தெஹ்ரானின் லாலே பூங்காவில் தினமும் காலையில் அவரோடு ஓடும் ஷாப்பூர் சிரித்தான். "ஷிராஸ்ல செஞ்சிருப்பாங்கண்ணே. அந்த ஊர் ஆளுங்களுக்குத்தான் அவசரம்னா என்னன்னே தெரியாதே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பெஞ்சில் டீ பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த குல்நார் அம்மாள், ஷிராஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர். கியூமர்ஸின் விருந்தாளி. நல்லவேளை, அவரும் சிரித்துவிட்டார்.

"உண்மைதானே தம்பி. நாங்க அப்படித்தான்."

கியூமர்ஸுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் தப்ரீஸ்காரர், எதிலும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிற மனிதர். தான் உடம்பை எப்படிப் பேணுகிறேன் என்று காட்டத்தான் இந்த அம்மாளை அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்திருந்தார். இந்தக் கடிகாரமோ அவர் முன்னாலேயே மானத்தை வாங்குகிறது.

"நான் ஒரு நாளும் சோம்பி இருந்ததில்லம்மா, சத்தியமா!" என்றார்.

"இப்படிக் குடுங்கண்ணே." ஷாப்பூர் கடிகாரத்தை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டு, அதே பாதையில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தான். கலோரிக் கணக்கு ஒழுங்காக ஏறியிருந்தது. உட்கார்ந்ததும் ஏறுவது நின்றது.

"கடிகாரம் சரியாத்தான் இருக்கு. கலோரியை இது எங்கே நேரா பார்க்குது? நாடித்துடிப்பை வச்சு ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான். இன்னொரு தடவை ஓடுங்க, பார்ப்போம்."

கியூமர்ஸ் ஓடினார். ஷாப்பூர் பக்கத்திலேயே ஓடிக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். அவருக்கு வேர்த்துக் கொட்டியும் நாடி ஏறவில்லை. வெகுநேரம் கழித்துத்தான், போனால் போகிறதென்று மெல்லக் கிளம்பியது.

பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஷாப்பூருக்கு மூச்சு அடங்கிவிட்டது, டீயும் பாதி குடித்தாயிற்று. கியூமர்ஸின் நாடி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவருக்குக் கடிகாரம் கலோரியை வாரி வழங்கியது.

ஷாப்பூர் டீயைக் கீழே வைத்தான். "இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லண்ணே! கிளம்பவும் மாட்டேங்குது, கிளம்பினா நிக்கவும் மாட்டேங்குது. கோளாறு கடிகாரத்துல இல்ல, உங்க இதயத்துலதான்!"

கியூமர்ஸின் முகம் வெளிறியது. ஏதோ களவு பிடிபட்டவர்போல அம்மாளைப் பார்த்தார்.

குல்நார் அம்மாள் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பற்றினார். நாடியில் விரல் வைத்தபடி அசையாமல் நின்றார். கண்கள் விரிந்தன.

"கோளாறு இல்ல தம்பி. என் பையன் சியாமக் அச்சு அசல் இப்படித்தான். பத்துத் தடவை கூப்பிட்டாத்தான் எழுந்திருப்பான். ஒரு வீட்டுக்குப் போனா, போயிட்டு வரேன்னு சொன்ன பிறகும் வாசல்ல ஒரு மணி நேரம் நின்னு பேசுவான். கிளம்ப மனசே வராது."

"இப்ப எங்கேம்மா இருக்கார் உங்க பையன்?"

அம்மாள் கியூமர்ஸின் நெஞ்சில் காதை வைத்தார்.

"அவனை மண்ணுல வச்சு ரெண்டு வருஷமாச்சு. இவருக்குக் கொடுத்த அவன் இதயம் மட்டும், பாரேன், இன்னும் வாசல்ல நின்னு பேசிக்கிட்டே இருக்கு."