பச்சையில் நின்ற முள்

“நம்ம தொழிற்சாலைக் காத்து, ஃபுஜி மலை உச்சிக் காத்தைவிடச் சுத்தமானது!”

காலைக் கூட்டத்தில் இப்படி முழங்கிய மேலாளர் இகராஷி, அடுத்த வாக்கியத்துக்குள் போகமுடியாமல் இருமினார்.

“மலை உச்சியிலயும் இப்படித்தான் ஈயம் உருக்கற சால்டரிங் புகை அடிக்குமா சார்?” என்றாள் வரிசையில் நின்ற தொகிகோ.

பக்கத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

இகராஷியின் முகம் சிவந்தது. “மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா தொகிகோ-சான்? புகை உறிஞ்சற மெஷின் ஓடுதா இல்லையா?”

“நல்லா ஓடுது. மேசையில இழுத்து என் மூஞ்சியிலயே திருப்பி ஊதுது! வீட்டுல என் இருமலுக்குப் பயந்து பூனை கட்டிலுக்கு அடியில படுக்குது. ஃபில்டரை மாத்துங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?”

“அடைச்சாத்தானே மாத்தணும்? அடைக்க அடைக்க மீட்டர் முள் பச்சையிலிருந்து சிவப்புப் பக்கம் ஏறும். ஏறியிருக்கா? போன வருஷப் பாதுகாப்பு விழாவுல, நானே வெள்ளைக் கையுறை போட்டு மாத்தினேன். போட்டோவெல்லாம் எடுத்தாங்க. அன்னைக்கிலிருந்து முள் அசையல. அதுக்குத்தான் விருது!”

விருதுக் கோப்பை, விழா நினைவுப் பொருள்களோடு வாசல் கண்ணாடி அலமாரியில் மின்னியது. தினமும் காலையில் எல்லோரும் மெஷின் முன் நின்று, விரலை நீட்டி, “முள் பச்சை! யோஷி!”, அதாவது ‘எல்லாம் சரி!’ என்று கத்தவேண்டும். தொகிகோவும் கத்துவாள், மூச்சு இருந்தால்.

“விருது வாங்கின மெஷினை அவமானப்படுத்திட்டீங்க. எல்லார் முன்னாடியும் குனிஞ்சு மன்னிப்புக் கேளுங்க. இல்லேன்னா மார்ச்சோட உங்க ஒப்பந்தம் முடிஞ்சுது.”

தொகிகோ கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தாள். “கேக்கறேன். நெத்தி தரையில படறவரைக்கும் குனியறேன். அதுக்கு முன்னாடி அந்த மெஷின் கதவைத் திறங்க!”

“என்னை நம்பலையா?”

“முள்ளை நம்பறேன் சார். உங்களைத்தான் நம்பல.”

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. இகராஷிக்குக் காது நுனிவரை கொதித்தது. ஸ்பானரோடு நின்ற மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். “முராய்! அந்த ஸ்பானரைக் கொடு! எல்லாரும் கிட்ட வாங்க. ஃபில்டர் எப்படிப் பளிச்சுன்னு இருக்குன்னு கண்ணாலயே பாருங்க!”

ஸ்பானரைப் பிடுங்கி, தானே நான்கு மூலை போல்ட்டுகளையும் கழற்றி, கதவைப் படாரென்று திறந்தார்.

உள்ளே சுத்தமாக இருந்தது. தகரச் சுவர் தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

இகராஷி தலையை உள்ளே விட்டு இந்த மூலை, அந்த மூலை என்று தேடினார்.

“அங்க இல்ல சார்” என்றாள் தொகிகோ. அவள் விரல் வாசல் பக்கம் நீண்டிருந்தது. “யோஷி.”

கண்ணாடி அலமாரியில், கோப்பைக்குப் பின்னால், விழாவில் போட்டோவுக்காக இகராஷி ஏந்தி நின்ற புது ஃபில்டர், சிவப்பு ரிப்பன்கூட அவிழ்க்கப்படாமல் இருந்தது.