குட்டிக் காரும் அகல டயரும்

மஞ்சள் நிறக் குட்டிக் கார் ஒன்று, முன்டயர் வெடித்து, நொண்டிக்கொண்டே டயர் கடைக்கு வந்தது. வாசலில் அகலமான டயர் ஒன்று பளபளவென்று நின்றிருந்தது.

"அண்ணே, என்கூட வர்றீங்களா? ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கும்!" என்றது கார்.

டயருக்கும் ஆசைதான். கடையில் நின்று நின்று அதற்கு அலுத்துப்போயிருந்தது.

"என் மேல 205னு போட்டிருக்கே. உன் அளவு 165 இல்லையா?"

"அது வெறும் நம்பர்தானே!"

டயரை மாட்டிக்கொண்டு கார் கிளம்பியது. நேர்ச்சாலையில் இரண்டுக்கும் ஒரே கும்மாளம். முதல் திருப்பத்தில் கார் வளைந்ததும், டயர் மட்கார்டில் உரசிக் கிறீச்சிட்டது.

"தம்பி, எனக்குத் தோல் உரியுது!"

"எனக்கு விலா நோகுது, அண்ணே!"

இரண்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மெல்லக் கடைக்கே திரும்பின. காரிலிருந்து இறங்கியதுமே அகல டயர் உள்ளே பார்த்துக் கத்தியது.

"ஏய் ஒல்லி! 165! ஓடி வா, உனக்குக் கார் வந்திருக்கு!"

அடுக்கிலிருந்து ஒல்லி டயர் குதித்து உருண்டு வந்தது. கச்சிதமாகப் பொருந்தியது. கார் இடப்பக்கம் வளைந்தது, வலப்பக்கம் வளைந்தது. உரசல் சத்தமே இல்லை.

தெருவில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

"இறங்கலாமா?" என்றது கார்.

"நான் மழையையே பார்த்ததில்லை!" என்றது ஒல்லி டயர்.

சளப்! தண்ணீர் கடைவாசல் வரை தெறித்தது. நனைந்துபோன அகல டயர், "இன்னொரு தரம்!" என்று கத்தியது.