பின்வாசலில் ஒரு நெல்கட்டு

"கட்டை எடுங்கண்ணே, மூணாவது தடவை சொல்றேன்!" என்று கத்திய மூஞ்சூறு, பின்வாசலை அடைத்துக்கொண்டிருந்த நெல்கட்டைப் பல்லால் இழுத்துப் பார்த்தது. கட்டு அசையவில்லை.

வரப்புக்குள் எல்லாரும் சேர்ந்து தோண்டிய வளை அது. முன்வாசலில் தண்ணீர் புகுந்தால் தப்பிக்கப் பின்வாசல் ஒன்றுதான் வழி. மூஞ்சூறுக்குக் கீழ்த்தளத்தில் அறை. அதன் நான்கு குட்டிகளும் இன்னும் கண் திறக்கவில்லை. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"ரெண்டு நாள்தாம்மா. உள்ள வச்சா காத்தே வரமாட்டேங்குது," என்றது பெருச்சாளி. அதற்கு மேல்தள அறை. அங்கே தண்ணீர் ஏறியதே இல்லை.

"போன மழைக்கும் இதையேதான் சொன்னீங்க."

"சண்டை எதுக்கு? கூட்டம் போட்டுடுவோம்," என்றது தலைவர் வெள்ளெலி.

கூட்டம் நடந்தது. பொதுவழியில் யாரும் பொருள் வைக்கக் கூடாது என்ற தீர்மானத்துக்கு முதலில் முன்னங்காலை உயர்த்தியது பெருச்சாளிதான். "ஒழுங்குன்னு ஒண்ணு வேணுமில்ல?" என்று மற்றவர்களையும் உயர்த்தச் சொன்னது. பிறகு கட்டின் மேல் சாய்ந்துகொண்டு பல்லிடுக்கில் சிக்கிய உமியை நோண்டியது.

"அப்ப இதை எப்ப எடுப்பாரு?" என்று மூஞ்சூறு கேட்டது.

"தேதி எதுவும் தீர்மானத்துல இல்லையேம்மா. அடுத்த கூட்டத்துல எழுப்புங்க," என்றது வெள்ளெலி.

தூறல் விழ ஆரம்பித்தது. மூஞ்சூறு கீழே போய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறியது. பெருச்சாளியின் அறை காற்றோட்டமாக, காலியாக இருந்தது. குட்டியை நடுவில் கிடத்திவிட்டு அடுத்ததை எடுத்துவரப் போனது.