புதுத்தோட்டம்

“உன் டிராக்டரை ஒரு நாள் குடு, நூரியா. புதுத்தோட்டத்தைப் பிடுங்கிப் போட்டுடறேன்” என்றார் சினேசியோ மாமா.

நூரியாவுக்கு எரிச்சலாக வந்தது. ஸ்பெயினின் தோரோ ஊரில் ஒயின் ஆலை தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. எண்பது வயது தாண்டிய திராட்சைக் கொடிகளிலிருந்து மட்டுமே சிவப்பு ஒயின் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். இதுவரை ஒரே ஒரு தோட்டம்தான் கிடைத்திருக்கிறது. இன்னொன்று கிடைக்காவிட்டால் ஆலையைப் பூட்ட வேண்டியதுதான்.

“கிழட்டுக் கொடி தேடி எனக்கு நாக்குத் தள்ளுது. நீங்க வேற!”

“அதான் என் பழத்தை எடுத்துக்கோன்னு அப்பவே சொன்னேனே.”

“புதுத்தோட்டத்துப் பழம் எனக்கு எதுக்கு மாமா?”

“அப்ப டிராக்டரைக் குடு. என் பொண்டாட்டி பெத்ரா போனப்புறம் தனியா கிளை வெட்டிக் கவாத்துப் பண்ண முடியல, பொண்ணே.”

அதற்கு மேல் மறுக்க மனம் வரவில்லை. நூரியாவே வண்டியை ஓட்டினாள். ஆற்றுக்கு அப்பால் மேட்டில் நிறுத்தி, முதல் கொடியில் சங்கிலி மாட்டக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அடிமரம் இரண்டு கைக்கும் அடங்கவில்லை.

“மாமா, இதை எப்ப நட்டாங்க?”

“எங்க தாத்தா கல்யாணத்துக்கு.”

“அப்புறம் ஏன் புதுத்தோட்டம்னு சொல்றீங்க?”

“நட்டப்போ புதுசுதானே! வச்ச பேரை மாத்துவாங்களா? எனக்கு எண்பத்திரண்டு ஆகுது, ஊரே இன்னும் என்னைச் சின்னப்பையன்னுதான் கூப்பிடுது.”

நூரியா சங்கிலியைக் கழற்றி வண்டியில் எறிந்தாள்.

“கவாத்துக் கத்தரி எங்கே இருக்கு, சின்னப்பையா?”