எலுமிச்சைக்கு மூன்று வருஷம்

போனில் இருந்த தோட்டக் காலண்டரில் கீரை, முள்ளங்கி என்று ஒவ்வொன்றாய் ஏற்றிக்கொண்டிருந்தார் கணவர்.

"ஒரு எலுமிச்சையும் போடுங்களேன்," என்றாள் சோபாவில் சாய்ந்திருந்த மனைவி.

"காய்க்க மூணு வருஷம் ஆகும். வேண்டாம்."

"பூசணி?"

"அதுவும் நாலு மாசம் இழுக்கும். வேண்டாம்மா."

"சரியான அவசரக்குடுக்கை நீங்க!" என்று சிரித்தபடி போனை வாங்கித் திரையைத் தள்ளிப் பார்த்தாள். அடுத்த மூன்று மாதத்தைத் தாண்டிய பக்கங்களெல்லாம் காலியாகக் கிடந்தன. சிரிப்பு நின்றது.

"அன்னிக்கு என்னை வெளிய உக்காரவெச்சுட்டு டாக்டர் உங்ககிட்ட சொன்னது இதைத்தானா? எனக்கு மூணே மாசமா?"

அவர் போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

அவளே எலுமிச்சையை ஏற்றினாள். நினைவூட்டல் யாருக்கு என்று கேட்டது போன். அவர் பெயரை மட்டும் தொட்டாள்.

"நீங்களே பறிச்சுக்கோங்க. அவசரப்பட்டுப் பிஞ்சுல பறிச்சிடாதீங்க."