சைலன்சர் வாயில் பிடித்த துணி

புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்க, சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்வது மெக்கானிக் இருதயராஜின் வழக்கம். அன்றும் மதிலோரம் கை துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணி மூட்டைமேல் கிடந்ததை எடுத்துப் பிடித்தார். கார்க்காரர் மிதித்தார். துணியின் நடுவில் வட்டமாகக் கரி படிந்தது.

"புகையில விஷத்தைக் குறைக்கிற வால்வு கரி அடைச்சு மூடவே மாட்டேங்குது சார், கழட்டிக் கழுவணும். வெளிய போற புகை திரும்ப இன்ஜினுக்குள்ளயே போகுது" என்றபடி துணியை விரித்தவர், அதன் ஓரத்தில் முதுகுப்பக்கம் முடிச்சுப் போடும் நாடாக்களைக் கண்டார். கைக்குழந்தையின் சட்டை.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு சுலேகா எட்டிப் பார்த்தாள். "அண்ணே, பாப்பா சட்டை ஒண்ணு அந்தப் பக்கம் பறந்து வந்துச்சா?"

"இல்லையேம்மா." கை தானாகச் சட்டையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தது.

"பரவாயில்லண்ணே. புகை படுதேன்னு இன்னைக்குத்தான் கொடியைத் தள்ளிக் கட்டுனேன். காத்து திரும்பிடுச்சு போல." அவள் போய்விட்டாள். உள்ளே குழந்தை இருமுவது கேட்டது.

"கழட்டிக் கழுவறதுக்கெல்லாம் நேரமில்லண்ணே" என்றார் கார்க்காரர். "புகை திரும்புற வழியை ஒரு தகடு வச்சு அடைச்சிருங்க. எல்லாம் வெளிய போகட்டும்."

எத்தனையோ வண்டிகளுக்கு அடைத்த கைதான். வெட்டி வைத்த தகடுகள் ஆணியில் தொங்கின. இருதயராஜின் கை அதுவரை போய் நின்றது. பைக்குள் அந்தச் சட்டை தொடையில் இளஞ்சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது, பிள்ளை உடம்பிலிருந்து அப்போதுதான் கழற்றியதுபோல.